பொன்னாவின் கடன்

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்தது. 2014 இறுதியில் எழுந்த எதிர்ப்பின்போதும், 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும், திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் ஓர் இரவைப் பற்றியே நாம் பேசினோம். பிள்ளையில்லாத காளியும் பொன்னாவும் ஊராரிடம் பட்ட இழிசொல் அவ்விவாதத்தில் பின்தங்கிப் போயிற்று. கொங்கு நாட்டில் அவ்விழிசொல் இன்னும் ஓயவில்லை. அதனோடு கடனும் சேர்ந்துகொண்டது.

மதுக்கரை சிமெண்ட் ஆலையை ஒட்டி வாழும் கூலிக் குடும்பமொன்றில் இன்று ஒரு பொன்னா இருப்பாளேயானால், கோவையின் தனியார் மருத்துவமனைக்குத்தான் போவாள். சோதனைக்குழாய் முறையில் ஒரு சுற்றுக்கே லட்சத்துக்குமேல் செலவாகும். பெரும்பாலான சுற்றுகள் குழந்தையில் முடிவதில்லை. முதல் சுற்றுக்கு நகை அடகுக்குப் போகும். இரண்டாவதற்கு வட்டிக்கடன்தான்.

காப்பீடு கைகொடுக்குமா? ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த பொது விலக்குகளில் பதினேழாவது, மலட்டுத்தன்மைக்கான சிகிச்சை. கருத்தடையும் அதே விதியில்தான் அடங்குகிறது. விலக்கைக் கைவிட நிறுவனங்களுக்குத் தடையில்லை. ஆயினும் மிகச் சிலவே அவ்வாறு செய்கின்றன.

1952இல் குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக்கிய நாடு இது. அறுவை செய்துகொண்டவர்களுக்கு அரசே ஊக்கத்தொகை தந்தது. பிறப்பு விகிதம் சரிந்த பின், 2025 மார்ச்சில் தமிழக முதல்வராயிருந்த மு.க. ஸ்டாலின், தொகுதி மறுவரையறையைச் சுட்டி, உடனே பிள்ளை பெறுமாறு மணமக்களைக் கேட்டுக்கொண்டார். பெறாதிருக்கப் பணம் தந்த அரசுக்கு, பெற விரும்பியும் இயலாதவர்களிடம் கடமை ஏதுமில்லையா?

காய்ச்சலுக்கே படுக்கை போதாத மருத்துவமனைகளில் இது ஆடம்பரமல்லவா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் குழந்தையின்மையை நோயென்றே உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் அதை எதிர்கொள்வதாக 2023இல் அது கணக்கிட்டது. உதவி, சோதனைக்குழாயிலிருந்துதான் தொடங்க வேண்டுமென்பதில்லை. கணவனின் விந்துப் பரிசோதனை சில நூறு ரூபாய்க் காரியம். அதைச் செய்யாமலேயே மனைவியை ஆண்டுக்கணக்கில் ஊசிக்கும் மாத்திரைக்கும் உட்படுத்தும் குடும்பங்கள் எத்தனை! ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இருவரையும் சோதிப்பதை வழக்கமாக்கினாலே, வீண்செலவில் ஒரு பங்கு குறையும்.

2024இல் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் கருத்தரிப்பு மையம் தொடங்கப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆனால் இச்சிகிச்சையில் ஊசிக்கும் ஸ்கேனுக்குமாக இரண்டு வாரத்துக்குள் பலமுறை வந்து போக வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் மதுக்கரைக் கூலிப்பெண்ணுக்கு அது இலவசமாகவே கிடைத்தாலும், இழக்கும் கூலியும் தங்கும் செலவும் புதிய கடனாகிவிடும். மாவட்டந்தோறும் இச்சிகிச்சை வந்தாக வேண்டும். பதினேழாவது விலக்கும் நீங்க வேண்டும். அதன்பின் மணமேடையில் நின்று பிள்ளை பெறச் சொல்லட்டும், கேட்டுக்கொள்வோம்.