கேட்ட வதந்தியும் கேட்காத எச்சரிக்கையும்

"கைத்தொலைபேசி வந்து தோட்டத்துச் சனங்கள் கெட்டுப் போனார்கள். வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் அவர்களுக்கு வேதவாக்கு." அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் படித்த நண்பர் ஒருவர் இப்படிச் சொன்னார். சபையில் பலர் தலையாட்டினார்கள். ஹட்டன் பஜாரில் கடை வைத்துப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவன் நான். அன்று வந்த கோபம் இன்னும் ஆறாததால் இதனை எழுதுகிறேன்.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். கோ. நடேசய்யர் 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கியபோது தோட்டங்களில் வாசிக்கத் தெரிந்தவர்கள் சொற்பம். அதனால்தான் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை பாட்டெழுதி, தொழிலாளர் மத்தியில் பாடிச் செய்தி சொன்னார். அந்த மக்களின் தலைவராக நின்றே நடேசய்யர் 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஆளை வாசிக்கத் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

என் வாப்பாவின் கடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். வீரகேசரி ஒன்று, தினகரன் ஒன்று, அவ்வளவுதான். கொழுந்து மடுவத்தில் வேலை செய்த பெரியவர் ஒருவர் உரக்க வாசிப்பார். சாமான் வாங்க வந்தவர்கள் நின்று கேட்பார்கள். சம்பளச் செய்தி வந்தால் போதும், "எந்தத் தோட்டத்தில கொடுத்தானாம்? நம்ம டிவிசன்ல ஒரு சதம் ஏறலயே!" என்று குறுக்கே ஒரு குரல் வரும். பத்திரிகை சொன்னதற்காக எவரும் அப்படியே நம்பிவிடவில்லை. ஒரு பத்திரிகைக்கு இருபது விசாரணையாளர்கள் இருந்தார்கள். இன்று ஒரு லயத்தில் இருபது தொலைபேசிகள் இருக்கின்றன. ஒவ்வொருவரும் தனித்தனியே பார்க்கிறார்கள். குறுக்கே கேட்பதற்குத்தான் ஆளில்லை. நாம் இழந்தது அந்த விசாரணையை. நகரத்துப் படித்தவர்களும் அதைத்தான் இழந்திருக்கிறார்கள்.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலந்ததாக வீடியோ ஒன்று பரவியது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டி என்று அரசாங்கப் பகுப்பாய்வாளர் பிறகு அறிவித்தார். மார்ச்சில் திகன எரிந்தது. அரசாங்கம் முகநூலையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். இரண்டு வருடம் கழித்து!

ஆனால் நான் யாரைக் குற்றம் சொல்ல? அந்த மார்ச் மாதத்தில் ஓர் இரவு, "ஹட்டனுக்கு லொறிகளில் ஆட்கள் வருகிறார்கள்" என்று எனக்கொரு செய்தி வந்தது. யார் சொன்னது, எங்கே கண்டது என்று நான் கேட்கவில்லை. நாற்பது பேருக்கு அனுப்பினேன். எந்த லொறியும் வரவில்லை. என் செய்தியை நம்பி, கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் பனியில் இறங்கித் தோட்டத்து லயமொன்றில் தஞ்சம் புகுந்தது. அவர்களுக்குக் கதவு திறந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவர், என் நண்பர் 'கெட்டுப்போனவர்' என்று சொன்ன அதே தோட்டத்துச் சனத்தில் ஒருவர். மறுநாள் அவர் என்னிடம், "நானா, படிச்ச நீங்களே விசாரிக்காம அனுப்பினா நாங்க என்னா செய்யிறது?" என்று கேட்டார். செய்தி கொண்டு வந்தால் தீர விசாரி என்று சிறுவயதிலேயே ஓதிக்கொடுக்கப்பட்ட எனக்கு அதற்குப் பதில் இருக்கவில்லை.

'அச்சுப் பத்திரிகைக்குத் திரும்புவோம்' என்று சிலர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. 2019 மே மாதத்தில் குருநாகல் முஸ்லிம் வைத்தியர் ஒருவர்மீது, நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்தார் என்ற பழி ஒரு சிங்கள நாளிதழின் முதற்பக்கத்தில்தான் தொடங்கியது. ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொன்னது. காகிதத்தில் அச்சாகிவிட்டால் பொய் மெய்யாகிவிடுமா?

மலையகத்தில் வதந்தி வந்து சேர்கிற வேகத்தில் எச்சரிக்கை வந்து சேர்வதில்லை. என் பெரிய ஆத்திரம் இதுதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தயில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அது ஆபத்தான இடம் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அந்தக் கடதாசிகளால் எத்தனை பேரைக் காப்பாற்ற முடிந்தது? 2025 நவம்பரில் டித்வா சூறாவளி நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. நாடு முழுவதிலும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எச்சரிக்கைகள் உரிய நேரத்தில் தமிழில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு அப்போதும் எழுந்தது. தமிழ் அரசகரும மொழியாகி 1987 முதல் எத்தனை வருடங்கள்! மண்சரிவு அபாயம் மூன்றாம் கட்டம், சிவப்பு, உடனே வெளியேறுங்கள் என்ற ஒற்றை வரியைத் தமிழில் உடனுக்குடன் அனுப்ப முடியாத அரசு, மக்கள் வதந்தியை நம்புகிறார்கள் என்று குறைசொல்ல என்ன உரிமை இருக்கிறது?

செய்யவேண்டியது பெரிய காரியமல்ல. அபாய அறிவித்தல் சிங்களத்தில் வெளிவரும் அதே நிமிடத்தில் தமிழிலும் வரவேண்டும். கொழும்புப் பத்திரிகைகள் விபத்து நடந்தபின் மட்டும் மலைக்கு வராமல், மழைக்கு முன்னும் வரவேண்டும். நாமோ, தொலைபேசியில் வந்ததை அனுப்பும்முன் யார் சொன்னது, எப்போது, எங்கே என்ற மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். வாப்பாவின் கடை வாசலில் நின்றவர்கள் அதைத்தான் கேட்டார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு மேல் கையெழுத்தே போடத் தெரியாது.