பூட்டிய வீட்டுக்கும் பொறுப்பாளர் வேண்டும்

ஆவடிக்கு வடக்கே, வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையை ஒட்டிய வெள்ளானூர், நிர்வாகக் கணக்கில் இன்னும் கிராம ஊராட்சிதான். திருவள்ளூர் மாவட்டம், வில்லிவாக்கம் ஒன்றியம். நடப்பில் அது ஆவடியின் வெளிவாசல். 1960-களில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் படை உடைத் தொழிற்சாலையும் ஆவடியில் எழுந்தன. போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம், விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம், சிறப்புக் காவல்படை அணிகள் என்று அரசு வேலை இந்தப் பக்கம் குவிந்தது. பணி முடிந்தவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பி.எஃப். பணத்தையும் கிராஜுவிட்டியையும் போட்டு, சுற்றியிருந்த மனைப்பிரிவுகளில் வீடு கட்டிக்கொண்டார்கள். பட்டாபிராம், முத்தாபுதுப்பேட்டை, மிட்டனமல்லி, வெள்ளானூர் என்று நீளும் இந்த வட்டாரத்தை எந்த விளம்பரமும் ஓய்வுக்கால குடியிருப்பு என்று அழைப்பதில்லை. கோவையில் இருப்பவைபோல மருத்துவர், பொதுச் சமையலறை, வாசல் காவல் எல்லாவற்றுக்கும் மாதக் கட்டணம் வாங்கும் வளாகங்கள் அல்ல இவை. பென்ஷன்காரர்கள் தாமாகவே உண்டாக்கிக்கொண்ட தெருக்கள். இங்கே அக்கம்பக்கம்தான் காவல்.

அந்தக் காவல் தளர்வது பெரும்பாலும் ஒரு டு-லெட் பலகையில் தொடங்குகிறது. வீடு கட்டியவர் மறைகிறார். மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் குறைந்த தொகை. மாடியைத் தனிப் போர்ஷனாக்கி வாடகைக்கு விடுகிறார். இதுவரை கேடு எதுவும் இல்லை. மாடியில் ஒரு குடும்பம் இருப்பது கீழே தனியாக இருக்கும் அம்மாவுக்குத் துணைதான். அடுத்து அவரும் போய்விடுகிறார், அல்லது பெங்களூரிலோ டல்லாஸிலோ இருக்கும் பிள்ளைகள் அழைத்துக்கொள்கிறார்கள். வீடு இப்போது மூன்று பேருக்குப் பொது. பாகப்பிரிவினை ஆகவில்லை. விற்க ஒருவருக்கு மனம் வரவில்லை, வெள்ளையடிக்க எவருக்கும் பணம் வரவில்லை. சாவி புரோக்கரிடம் போகிறது. குடும்பத்துக்கு விடுவதைவிடத் தலைக்கு இவ்வளவு என்று பேச்சிலர்களுக்கு விட்டால் கூடுதலாகக் கிடைக்கும். பக்கத்தில் பொறியியல் கல்லூரி இருக்கிறது, கட்டுமானத்துக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறது. குடிவர ஆளுக்குப் பஞ்சமில்லை. நான்கு பேருக்காகக் கட்டிய வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் தங்குகிறார்கள், ஒரே கழிப்பறை. செப்டிக் டேங்க் நிரம்பித் தெருவுக்கு வந்தால் குடியிருப்பவர் புரோக்கரைக் கூப்பிடுகிறார். புரோக்கர் உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போடுகிறார். அங்கே அது நடுராத்திரி.

ஒரு நாள் அங்கே குடியிருந்தவர்களும் காலி செய்துவிடுகிறார்கள். கிரில் துருப்பிடிக்கிறது. பக்கத்துக் காலி மனையின் சீமைக்கருவேலம் மதிலைத் தாண்டி உள்ளே வருகிறது. இரவில் அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்து குடிக்கிறார்கள் என்பது தெருவுக்குத் தெரியும். புகார் கொடுத்தால் கொடுத்தது யார் என்பது அவர்களுக்கும் தெரிந்துவிடும். எதிர்வீட்டுப் பெரியவர் ஆறு மணிக்கே கதவைச் சாத்திக்கொள்கிறார். வாசலில் நாற்காலி போட்டு உட்காரும் வழக்கம் ஒரு வீட்டில் நின்றால், அடுத்த வீட்டிலும் நிற்க அதிக நாள் ஆவதில்லை.

முதியோர் மீதான கொடுங்குற்றம் இந்த வட்டாரத்துக்குத் தொலைதூரச் செய்தி அல்ல. 2024 ஏப்ரல் இறுதியில் மிட்டனமல்லியில் வயதான தம்பதி தங்கள் வீட்டிலேயே கொல்லப்பட்டனர். கைதானவர் அந்த வீட்டுக்கு வந்து பழகியவர் என்று காவல்துறை கூறியது. 2022 மே மாதம் மயிலாப்பூரில், அமெரிக்காவிலிருந்து திரும்பிய அன்றே தம்பதி கொல்லப்பட்ட வழக்கில் பிடிபட்டவர்களில் ஒருவர் அவர்களுடைய கார் ஓட்டுநர். கொங்குப் பகுதியில் பல்லடத்தை அடுத்த சேமலைகவுண்டம்பாளையத்தில் 2024 நவம்பரில் ஒரே தோட்டத்து வீட்டில் மூவர். 2025-இல் சிவகிரி அருகே இன்னொரு தோட்டத்து வீட்டில் கணவனும் மனைவியும். இவற்றில் எதற்கும் பாழடைந்த வாடகை வீடு காரணம் அல்ல; அதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. பெரும்பாலானவற்றுக்குப் பொதுவாக இருந்தது தனிமை: கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் இல்லாத வீடு, அதை முன்பே நோட்டம் பார்த்து வைத்திருந்த ஒருவர். பராமரிப்பற்ற வாடகை வீடுகள் செய்யும் கேடு இந்த இடத்தில்தான் இருக்கிறது. தோட்டத்து வீட்டுக்கு இயல்பாக உள்ள தனிமையை அவை நெருக்கமான மனைப்பிரிவுக்குள் கொண்டுவந்து வைக்கின்றன. இருபுறமும் பூட்டிய வீடுகள் உள்ள வீடு, வரைபடத்தில் எங்கே இருந்தாலும், காட்டுக்குள் இருக்கும் வீடுதான்.

இப்படி எது நடந்தாலும் அதிகாரிகளின் முதல் பதில் வாடகைதாரர் விவரப் படிவம். 2012 பிப்ரவரி 23 அதிகாலை, வேளச்சேரியில் வாடகை வீடொன்றில் தங்கியிருந்த வங்கிக் கொள்ளைச் சந்தேக நபர்கள் ஐவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தபின், குடியிருப்போர் விவரங்களைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று சென்னையில் உத்தரவானது. அதன்பின் வெவ்வேறு நகரங்களில் இது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. இத்தகைய ஆணைகளுக்கு வழக்கமான அடிப்படை குற்ற நடைமுறைச் சட்டத்தின் 144-ஆவது பிரிவு; 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆவது பிரிவு. அவசர நிலைமைக்கான அதிகாரம் அது. மாநில அரசு நீட்டிக்காவிட்டால் இரண்டு மாதத்தில் காலாவதியாகிவிடும். குடியிருப்பு என்பதோ ஆண்டுக்கணக்கான விஷயம்.

காலம் மட்டும் குறையல்ல. படிவம் கேட்பதெல்லாம் குடிவருபவரின் ஆதார், புகைப்படம், சொந்த ஊர். வீட்டுக்குக் கதவு சரியாக இருக்கிறதா, மின்கம்பி பாதுகாப்பாக இருக்கிறதா, எத்தனை பேருக்கு எத்தனை கழிப்பறை, உரிமையாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று அது கேட்பதில்லை. சந்தேகம் முழுவதும் வாடகைதாரர் தலையில் ஏறுகிறது. அதிலும் இந்தி பேசுபவர் என்றால் இருமடங்காக. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவியபோது இரு மாநில அரசுகளும் பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல. பன்னிரண்டு பேர் அடைந்து கிடக்கும் வீட்டில் முதல் பாதிப்பு அந்தப் பன்னிரண்டு பேருக்குத்தான். அட்வான்ஸ் திரும்பி வராது, குழாயில் தண்ணீர் வராது, தெருவில் எது காணாமல் போனாலும் முதலில் விசாரிக்கப்படுவது அவர்கள். மயிலாப்பூர் ஓட்டுநருக்கோ மிட்டனமல்லிக்கு வந்து போனவருக்கோ அந்த வீடுகளின் வாசல் திறந்தது வாடகை ஒப்பந்தத்தால் அல்ல என்பதையும் படிவத்தை நம்புவோர் கணக்கில் கொள்வதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கும் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 1960-இன் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும் என்கிறது அது. கட்டடத்தின் அடிப்படைப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றம், மின்கம்பி ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. அவர் செய்யாவிட்டால் வாடகைதாரரே செய்துகொண்டு செலவை வாடகையில் கழிக்கலாம், ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் போகாமல். நல்ல ஏற்பாடு. ஆனால் அதை இயக்கும் விசை வாடகைதாரரின் கையில் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம் என்ற 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தைத் தவிர்க்கப் பிறந்த 11 மாத ஒப்பந்தம் இன்னும் பழக்கத்தில் இருக்கிறது. பலருக்கு அந்தக் காகிதமும் கிடையாது. தேர்வு முடிந்ததும் ஊருக்குப் போகும் மாணவரோ, வேலை முடிந்ததும் அடுத்த சைட்டுக்குப் போகும் கொத்தனாரோ வாடகை நீதிமன்றம் ஏறி மின்கம்பியை மாற்றச் சொல்லப் போவதில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கோ கேட்க வாடகைதாரரே இல்லை; பாதிப்பு பக்கத்து வீட்டுக்காரருக்கு, இந்தச் சட்டத்தில் அவருக்கு இடமில்லை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று 2014-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. அதே தெருவில் ஆண்களைத் தலைக்கணக்கில் தங்கவைக்கும் வீடு அந்தச் சட்டத்தின் பார்வையில் படாது. அது வெறும் 'வாடகை வீடு'.

உரிமையாளரை நேரடியாகப் பொறுப்பாக்கிய ஊர்கள் உலகில் உண்டு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா 2011-இல் கைவிடப்பட்ட கட்டடங்களின் உரிமையாளர்கள் முறையான கதவும் ஜன்னலும் பொருத்த வேண்டும் என்று விதித்தது. பலகை அடித்து மூடினால் போதாது. விதிக்குக் கட்டுப்பட்ட கட்டடங்களைச் சுற்றிக் கடுமையான தாக்குதல்கள் குறைந்ததை 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு ஜன்னல் குற்றவாளியைத் திருத்திவிடும் என்பதல்ல இதன் பொருள். இந்த இடத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்பதை ஜன்னல் சொல்கிறது. இங்கிலாந்தில் 2004-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம், சீர்கெட்ட பகுதிகளில் வீட்டை வாடகைக்கு விடவே உரிமம் வாங்கச் சொல்லும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. ஈழத் தமிழர் திரளாக வாழும் ஈஸ்ட்ஹாமை உள்ளடக்கிய நியூஹாம் 2013-இல் அதைக் கிட்டத்தட்ட முழு நகராட்சிக்கும் விரித்தது. ஓர் அறைக்குள் எட்டுக் கட்டில் போட்டு வாடகை வாங்கியவர்களில் நம்மவர் இல்லவே இல்லை என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

வெள்ளானூருக்கும் அதன் அண்டை ஊராட்சிகளுக்கும் தேவைப்படுவது இவ்வளவு பெரிய ஏற்பாடுகூட அல்ல. வாடகைக்கு விடப்படும் வீடுகளுக்கும், ஆறு மாதத்துக்கு மேல் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கும் ஊராட்சியில் ஒரு பதிவேடு வேண்டும். உரிமையாளர் வெளியூரில் இருந்தால், கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் வந்து நிற்கக்கூடிய உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவரை அவர் எழுதித்தர வேண்டும். கமிஷன் வாங்கும் புரோக்கரே அந்தப் பொறுப்பாளராகக் கையெழுத்திடலாம். பொறுப்பாளரின் எண் வாசல் கதவில் இருக்க வேண்டும். கதவு, மின்கம்பி, செப்டிக் டேங்க், தலைக்கணக்கு என்ற நான்கை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். நோட்டீஸுக்கு அசையாத உரிமையாளரின் வீட்டை ஊராட்சியே சுத்தம் செய்து, மதிலை அடைத்து, செலவை அவர்மீது ஏற்ற வேண்டும். இந்தக் கடைசி யோசனை புதிதல்ல: சுகாதாரக் கேட்டை நீக்கும்படி உரிமையாளருக்கு உத்தரவிடும் அதிகாரத்தை 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் உள்ளாட்சிகளுக்கு அன்றே கொடுத்துவிட்டது.

பதிவேடு, ஆய்வு என்றால் லஞ்சத்துக்கு இன்னொரு வாசல் திறக்கும் என்பது முதல் ஆட்சேபம். அனுபவத்தில் பிறந்தது, தள்ளிவிடக் கூடாதது. அதனால்தான் பார்க்க வேண்டியவை நான்கோடு நிற்க வேண்டும். ஆய்வின் முடிவு ஊராட்சிப் பலகையில் எல்லோரும் பார்க்க ஒட்டப்பட வேண்டும். மாடி வாடகையில் மருந்து வாங்கும் விதவைக்கு இது சுமை என்பது இரண்டாவது. அதுவும் சரி. உரிமையாளரே குடியிருக்கும் வீட்டின் ஒரு போர்ஷனுக்கு இந்த ஏற்பாட்டிலிருந்து விலக்குத் தரலாம். அந்த வீட்டுக்குப் பொறுப்பாளர் கீழ்த்தளத்திலேயே இருக்கிறார். செலவு கூடினால் வாடகை கூடும் என்ற மூன்றாவது வாதத்துக்கு மட்டும் இரக்கம் காட்டத் தேவையில்லை. பத்துப் பேரிடம் தலைக்கு வசூலிப்பவரிடம் ஒரு கதவுக்கான பணம் இருக்கவே செய்கிறது.

காவல்துறையின் பங்கும் எழுத்தில் ஏற்கெனவே இருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகளின்படி, ஒவ்வொரு காவல் நிலையமும் தன் எல்லையில் தனியாக வாழும் முதியோரின் பட்டியலை வைத்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது அவர்களை நேரில் பார்க்க வேண்டும். 2022 ஜனவரி 1-இல் ஆவடிக்கென்று தனிக் காவல் ஆணையரகம் வந்தது. அந்தப் பட்டியலும் ஊராட்சியின் வாடகைப் பதிவேடும் ஒரே மேசையில் இருந்தால், ரோந்து எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும்: இருபுறமும் பூட்டிய வீடுகளுக்கு நடுவில் எழுபத்தைந்து வயதுக்காரர் தனியாக இருக்கும் தெருவுக்கு. 2021-இல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் அறுபதைக் கடந்தவர்கள், 2031-இல் அது 18.2 ஆகும் என்பது தேசியப் புள்ளியியல் அலுவலக அறிக்கை தரும் மதிப்பீடு. அத்தகைய தெருக்கள் பெருகத்தான் போகின்றன.

திருவள்ளூர் மாவட்ட ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. சுற்றுப்புற ஊராட்சிகளை ஆவடி மாநகராட்சியோடு இணைக்கும் பேச்சும் எழுந்தது. இணைப்பு நடக்கட்டும், தேர்தல் வரட்டும் என்று இந்த வேலையைத் தள்ளிப்போடக் காரணம் இல்லை. பதிவேட்டின் முதல் பக்கத்துக்குத் தேவையானது வீட்டு வரிக் கணக்கில் இருக்கிறது. உரிமையாளரின் பெயர், கதவு எண், கடைசியாக வரி கட்டிய ஆண்டு எல்லாம் அதில் உண்டு. சேர்க்க வேண்டியது அவர் இன்று எடுத்துப் பேசும் தொலைபேசி எண்.