பங்குக்கு ஓட்டு, எழுத்துக்குக் காசு

‘எழுதுங்கள், காசு வரும்’ என்று அழைக்கும் பிளாக்செயின் சமூக ஊடகங்களைப் பற்றிக் கேள்விப்படுபவர்கள், அங்கே நியாயமாகப் பங்கிடுகிறார்களா என்று கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று. விளம்பரம் இல்லை, சந்தாவும் இல்லை என்றால் அந்தக் காசைக் கொடுப்பது யார்?

இந்த வகையில் பெரிய அளவில் நடந்த முதல் சோதனை, 2016இல் நெட் ஸ்காட்டும் டேன் லாரிமரும் தொடங்கிய ஸ்டீமிட். அது ஓடிய பிளாக்செயினின் பெயர் ஸ்டீம். அந்தச் சங்கிலி ஒவ்வொரு நாளும் புதிய டோக்கன்களை உருவாக்கிக்கொண்டே இருக்கும். 2016 டிசம்பரில் திருத்திய விதிப்படி, ஆண்டுக்கு 9.5 சதவீதத்தில் தொடங்கி மெல்லக் குறைந்துகொண்டே போகும். அப்போது புதிதாகப் பிறந்ததில் முக்கால் பங்கு, பதிவுகளுக்கான பொதுத் தொகையில் சேர்ந்தது. டோக்கன் பெருகப் பெருக, ஏற்கெனவே வைத்திருப்பவரின் பங்கு கரைகிறது. ஆக, எழுதுபவருக்குப் போகும் காசைக் கொடுப்பவர் டோக்கன் வைத்திருப்பவர்தான். வெளியிலிருந்து வாங்க ஆள் வரும்வரை அதற்கு விலை உண்டு. வராவிட்டால் திரையில் ஓர் எண்ணாக மட்டும் நிற்கும்.

அந்தத் தொகைக்கு ஒரு வரம்பு இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு பதிவுக்கு அதிகம் போனால் இன்னொன்றுக்குக் குறைந்தே தீரும். எதற்கு எவ்வளவு என்பதை வாக்குகள் முடிவு செய்கின்றன. குழப்பம் தொடங்கும் இடம் இதுதான். கூட்டுறவுச் சங்கத்தில் ஆளுக்கு ஓர் ஓட்டு. கம்பெனியில் பங்குக்கு ஓர் ஓட்டு. இந்தத் தளங்கள் பேசுவது கூட்டுறவின் மொழி, கட்டப்பட்டிருப்பது கம்பெனியின் விதியில். ஆயிரம் வாசகர்களின் விருப்பத்தைவிட, நிறைய டோக்கனைப் பூட்டி வைத்திருக்கும் ஒருவரின் வாக்கு பெரிதாக இருக்கலாம்.

ஆளுக்கு ஓர் ஓட்டு என்று வைத்தால் என்ன? பெயரில்லாமல் கணக்குத் தொடங்கலாம் என்ற இடத்தில் ஒருவரே நூறு பேராக வருவார். அதைத் தடுக்க அடையாளச் சான்று கேட்க வேண்டும். லாரிமர் பின்னர் தொழில்நுட்பத் தலைவராக இருந்த பிளாக்.ஒன் நிறுவனம், 2019இல் அறிவித்த வாய்ஸ் என்ற தளத்தில் அதைத்தான் முயன்றது. 15 கோடி டாலர் முதலீடு. எழுத்துத் தளமாகத் தொடங்கி என்எஃப்டி பக்கம் தாவி, கடைசியில் கடையை மூடியது. சான்றைச் சரிபார்க்கும் நிறுவனத்தின் கையில் அதிகாரம் போய்ச் சேர்வதும் இந்த வழியில் தவிர்க்க முடியாதது. யாரை ஒழிப்பதாகச் சொல்லி பிளாக்செயின் வந்ததோ, அதே இடைத்தரகர் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறார்.

பங்குக்கு ஓட்டு என்று ஏற்றுக்கொண்டாலும், அந்த ஓட்டுகளை எப்படிக் கணக்கிடுவது என்பதில் நியாயம் இடம் மாறும். 1,100 ரூபாய் பொதுத் தொகை. ஒரு பதிவுக்குப் பத்து மடங்கு வாக்கு, இன்னொன்றுக்கு ஒரு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். நேர் விகிதத்தில் பங்கிட்டால் முதலாவதற்கு 1,000, அடுத்ததற்கு 100. ஸ்டீம் தொடக்கத்தில் பயன்படுத்தியது வாக்கின் வர்க்கத்தை. அந்தக் கணக்கில் 1,089 ரூபாயும் 11 ரூபாயும். கூட்டம் சேர்ந்த பதிவு அள்ளிக்கொண்டு போகும். சிறு எழுத்தாளருக்குச் சில்லறைதான். எதிர்ப்பு கிளம்பியது. 2017 ஜூனில் நேர் விகிதத்துக்கு மாறினார்கள்.

மாறியதும் வேறு ஓட்டை திறந்தது. பழைய கணக்கில், தனியாகத் தன் பதிவுக்குத் தானே வாக்களித்துக்கொள்பவருக்கு அதிகம் கிடைக்காது. பலர் சேர்ந்தால்தான் பலன். நேர் விகிதத்தில் அந்தத் தேவையே இல்லை. அப்போது எழுதியவருக்கு 75 சதவீதம், வாக்களித்தவர்களுக்கு 25 சதவீதம் என்பது பங்கீடு. பெரிய கையிருப்புள்ளவர் ஒருவர் நேர்மையாகப் படித்து நல்ல பதிவுக்கு வாக்களித்தால் கிடைப்பது 25. தன் வெற்றுப் பதிவுக்கே வாக்களித்தால் நூறும் அவருக்கே. அதையும் விடச் சோம்பலான வழி, வாக்கை வாடகைக்கு விடுவது. காசு கட்டினால் வாக்குப் போடும் தானியங்கி நிரல்கள் (பாட்கள்) முளைத்தன. கையிருப்பை அவற்றிடம் ஒப்படைத்துவிட்டு, படிக்காமலேயே தினமும் வருமானம் பார்த்தார்கள். முகப்பில் ‘பிரபலமானவை’ என்று நின்றவற்றில் பல, காசு கொடுத்து ஏறியவை. இதைப் பேராசை என்று திட்டுவதில் பயனில்லை. படிப்பவருக்குக் கூலி குறைவு, படிக்காதவருக்குக் கூலி அதிகம் என்று விதி இருந்தால் மனிதர்கள் வேறு எப்படி நடப்பார்கள்?

2019 ஆகஸ்டில் பங்கீட்டை 50-50 ஆக்கினார்கள். தகுதிக்கு மீறிச் சம்பாதிக்கும் பதிவுகளைக் குறைக்க, செலவில்லாமல் எதிர் வாக்குப் போடவும் ஓரளவு வழி செய்தார்கள். வாக்கு விற்பனை பெருமளவு ஒடுங்கியது. ஆனால் எதிர் வாக்கும் பங்கின் அளவுக்கே வலிமை பெற்றதுதானே? தனக்குப் பிடிக்காத ஒருவரின் வருமானத்தைப் பெரிய கையிருப்புள்ளவரால் துடைத்தெடுக்க முடியும்.

போட்டி வந்தால் சரியாகிவிடும் என்று நம்பியவர்களுக்கு 2020 விடை சொன்னது. அந்த பிப்ரவரியில் ஸ்டீமிட் நிறுவனத்தை ட்ரான் என்ற பிளாக்செயினை நிறுவிய ஜஸ்டின் சன் வாங்கினார். அதோடு, தொடக்க நாட்களில் நிறுவனம் தனக்கென வெட்டி எடுத்துக்கொண்ட பெரும் டோக்கன் குவியலும் அவர் கைக்குப் போனது. அந்தக் குவியலால் வாக்களிப்பதில்லை என்று நிறுவனம் தந்த பழைய வாக்குறுதி நிற்குமா என்று அஞ்சி, சங்கிலியை இயக்கும் ‘விட்னஸ்’கள் அதை முடக்கினார்கள். மார்ச் மாதத்தில் பைனான்ஸ், ஹுவோபி, பொலோனியெக்ஸ் ஆகிய சந்தைகளில் வாடிக்கையாளர்கள் போட்டு வைத்திருந்த டோக்கன்களும் சன் பக்கத்து வாக்காக மாறின. முதல் 20 விட்னஸ்களும் மாற்றப்பட்டார்கள். ஒரு கணக்கிலிருந்து 30 விட்னஸ்கள் வரை வாக்களிக்கலாம். ஒவ்வொருவருக்கும் முழு எடை. ஆகவே சற்றே பெரிய தரப்பால் ஒரு நாற்காலியைக்கூட விடாமல் பிடிக்க முடிந்தது. பைனான்ஸும் ஹுவோபியும் பிறகு வாக்கைத் திரும்பப் பெற்றன.

மார்ச் 20 அன்று பழைய விட்னஸ்களின் தரப்பு சங்கிலியை நகலெடுத்து ஹைவ் என்று பிரிந்து போனது. எல்லோருடைய இருப்பும் அப்படியே வந்தது. ஸ்டீமிட் நிறுவனத்தின் குவியல் மட்டும் வரவில்லை. சன் தரப்புக்கு வாக்களித்த சில கணக்குகளுக்கும் முதலில் தரவில்லை. மே மாதத்தில் ஸ்டீம் பக்கம் 64 கணக்குகளிலிருந்து சுமார் 2.36 கோடி டோக்கன்களைப் பறித்தது. தப்பான பக்கம் நின்றவரின் சொத்தைத் தொடுவதில் இரு தரப்பும் தயங்கவில்லை. அளவில் வித்தியாசம் இருந்தது, அவ்வளவுதான்.

நகலெடுத்துப் பிரியும் போட்டியில் இன்னொரு தடை உண்டு. இருப்புப் பட்டியலும் கூடவே வந்துவிடுகிறது. ஸ்டீமில் பெரியவர் ஹைவிலும் பெரியவரே. அதே ஆண்டு ஸ்டீமிலிருந்து பிரிந்த பிளர்ட், எதிர் வாக்கையே எடுத்துவிட்டது. பிடிக்காதவரைத் துரத்துவது நின்றது, திருட்டுப் பதிவின் வருமானத்தைக் குறைக்கும் கருவியும் போயிற்று. புதிதாய்த் தொடங்கியவையும் முந்தியவருக்கே சாய்ந்தன. 2023இல் பரபரப்பாக வந்த ஃப்ரெண்ட்.டெக்கில், ஒருவரின் அரட்டைக்குள் நுழைய வாங்க வேண்டிய ‘சாவி’யின் விலை, விற்ற எண்ணிக்கையின் வர்க்கத்தோடு ஏறியது. முதலில் வாங்கியவரின் லாபத்தைக் கடைசியில் வந்தவர் கட்டினார்.

போட்டியால் விதிகள் மட்டும் கொஞ்சம் திருந்தின. புதிதாகப் பூட்டிய டோக்கனைக் கொண்டு விட்னஸ் தேர்தலில் வாக்களிக்க 30 நாள் காத்திருக்க வேண்டும் என்று ஹைவ் 2020 அக்டோபரில் விதித்தது. ஒரே நாளில் ஆட்சியைப் பிடிக்கும் வழியை அது அடைத்தது. 2021இல், முந்தி வாக்களிப்பவருக்குக் கூடுதல் கூலி என்ற பந்தயத்தை நீக்கி, முதல் 24 மணி நேரத்து வாக்குகளுக்கு ஒரே பலன் என்றாக்கியது. அதுவரை பிரபல எழுத்தாளரின் பதிவுக்கு, ஒரு வரி படிக்காமல் சில நிமிடங்களில் வாக்குப் போடும் நிரல்கள்தான் ஜெயித்துக்கொண்டிருந்தன.

இத்தனை குறைக்குப் பிறகும் இவற்றை நான் ஒதுக்கிவிடாததற்குக் காரணம் காசு அல்ல. யாரிடம் எவ்வளவு இருக்கிறது, யார் யாருக்கு வாக்களித்தார், எந்தக் கையிருப்பு யாருக்கு வாடகைக்குப் போனது என்பது சங்கிலியில் எவர் கண்ணுக்கும் தெரியும். ஸ்டீமின் வாக்குச் சந்தையை அதன் பயனாளர்களே எண் எண்ணாக எடுத்து வைத்துச் சண்டை போட முடிந்தது அதனால்தான். யூடியூபில் தன் வீடியோ ஏன் திடீரென்று யாருக்கும் போய்ச் சேரவில்லை என்று கேட்பவரிடம் காட்ட அப்படி ஓர் ஏடு கிடையாது.