இரண்டாவது தோட்டா

பம்ப் ஆக்‌ஷன் ரைஃபிளோடு மான் வேட்டைக்குப் போகிற ஒருவரிடம், ஏன் இந்தத் துப்பாக்கி என்று கேட்டுப் பாருங்கள். சுற்றிவளைத்துக் கடைசியில் ஒரே பதிலுக்குத்தான் வருவார்: "இரண்டாவது தோட்டா சீக்கிரம் போகும்." பென்சில்வேனியாவுக்கு வேலைக்கு வந்ததிலிருந்து இந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நானே பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கு எதிரானது. துப்பாக்கிமேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது.

மானைக் கொல்வதே பாவம், அப்புறம் என்ன எந்தத் துப்பாக்கி என்ற ஆராய்ச்சி என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் இங்கே ஓநாய் ஒழிந்து நூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. மானும் ஏறக்குறைய ஒழிந்துதான் போயிருந்தது. 1895-இல் வேட்டை விலங்குகளுக்காக ஓர் ஆணையம் அமைத்து, 1906-லிருந்து வெளி மாநிலங்களிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அது பெருகி, முளைக்கிற கன்றையெல்லாம் தின்று, காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாத நிலை வந்தது. இன்று மானைக் குறைக்கிற முக்கியமான கை மனிதனுடையது. அந்தக் கை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் பிரச்சனை.

முதல் தடவை வேட்டைக்குப் போன விஷயத்தை அம்மாவிடம் போனில் சொன்னபோது, திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "ஏன்டா, சுட்டா அது உடனே செத்துப் போயிடுமா?"

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

பம்ப் ஆக்‌ஷன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. குழலுக்கு அடியில் இடது கை பிடித்திருக்கும் கட்டை முன்னும் பின்னும் நகரும். சுட்டதும் பின்னால் இழுத்தால் காலிக் கூடு வெளியே தெறிக்கும். முன்னால் தள்ளினால் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா ஏறிப் பூட்டிக்கொள்ளும். போல்ட் ரைஃபிளில் இந்த வேலையை வலது கை செய்ய வேண்டும். அதற்கு விசையை விட்டு விரலை எடுக்க வேண்டும், பலருக்குக் கன்னமும் கட்டையை விட்டு விலகும். பம்ப்பில் வலது கை இருந்த இடத்திலேயே இருக்கும், கண் குறியை விட்டு அகலாது. இடது கைக்காரர்களுக்கும் சங்கடம் குறைவு.

எஞ்சினியராக இந்தப் பொறிமுறைமேல் எனக்குக் காதலே உண்டு. ரெமிங்டன் 1912-இல் கொண்டுவந்த 14-ஆம் மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். வடிவமைத்தவர் ஜான் பெடர்சன். குழலுக்கு அடியில் ஒரு நீளமான மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்முனைத் தோட்டா என்றால் அதன் முனை முன்னால் இருப்பதன் பின்புற வெடிமூட்டியில் இடித்து, குலுங்கும்போது உள்ளேயே வெடித்துவிடலாம். பெடர்சன் அந்த மேகசினை முறுக்கிய சுருளாக்கினார். ஒவ்வொரு தோட்டாவும் லேசாகச் சாய்ந்து நிற்க, முனை வெடிமூட்டியைத் தொடாமல் விலகிப் போனது. பிறகு 1952-இல் 760 வந்தது, 1981-இல் 7600. இவற்றில் கழற்றி மாட்டும் மேகசின், நான்கு தோட்டா. இரண்டு வருடம் முன்னாலேயே, 1950-இல், அதே கம்பெனியின் 870 ஷாட்கன் வந்துவிட்டது. முயலுக்கும் பெசன்ட் கோழிக்கும் அதைத் தூக்கிப் பழகிய கைக்கு, டிசம்பரில் மானுக்காக வேறு பழக்கம் தேவைப்படவில்லை.

இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை அடுத்த கட்டத்தில் ஆரம்பிக்கிறது.

மானையும் கரடியையும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளால் வேட்டையாட பென்சில்வேனியா தலைமுறைகளாக விட்டதில்லை. 2016-இல் வந்த சட்டம் அந்த முடிவை ஆணையத்தின் கையில் கொடுத்தது. 2017-இல் ஆணையம் சின்ன விலங்குகளுக்கு அனுமதித்தது, பெரிய விலங்குகளுக்கு மறுத்தது. கருத்துக் கேட்டபோது வேட்டைக்காரர்களிலேயே பெரும்பாலோர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆகவே வேகம் வேண்டும் என்பவர்கள் பம்ப்பை எடுத்தார்கள். அதற்கு இங்கே ஒரு பட்டப்பெயரும் உண்டு: 'ஆமிஷ் மெஷின் கன்'. கார் வேண்டாம், கரண்ட் வேண்டாம் என்று குதிரை வண்டியில் போகும் ஆமிஷ் மக்கள் வாழும் மாநிலம் இது. அவர்களுக்கும் ஒரு மெஷின் கன் உண்டென்றால் அது இதுதான் என்பது நகைச்சுவை. எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்புக்குள் ஒரு வாக்குமூலம் இருக்கிறது: சட்டம் எதைத் தடுக்க நினைத்ததோ அதைச் சட்டத்துக்கு உட்பட்டே செய்கிறோம்.

இதே துப்பாக்கி அட்லாண்டிக்கைக் கடந்தால் என்ன ஆகிறது பாருங்கள். 1987-இல் ஹங்கர்ஃபோர்டில் ஒருவன் பலரைச் சுட்டுக் கொன்றான். 1988-இல் பிரிட்டன் சட்டத்தைத் திருத்தியது. சின்ன .22 ரிம்ஃபயர் ரகம் தவிர செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களுக்குத் தடை. பம்ப் ஆக்‌ஷன் ரைஃபிள்களுக்கும் அதே வரியில் தடை. ஒரு நாட்டில் இரண்டும் ஒரே குற்றப்பட்டியலில் இருக்கின்றன. இன்னொரு இடத்தில் ஒன்றுக்குத் தடை, மற்றதுக்கு நற்சான்றிதழ்.

இரண்டில் எது சரி என்று நான் தீர்ப்பு சொல்லப்போவதில்லை. இரண்டு சட்டமும் பார்ப்பது துப்பாக்கியின் வயிற்றுக்குள். அடுத்த தோட்டாவை ஏற்றுவது வாயுவா, கையா? பிரிட்டன் பார்ப்பது மனிதர்களின் பாதுகாப்புக்காக, அது வேறு கணக்கு. ஆனால் வேட்டை விதி என்று ஒன்றை எழுதும்போது, தோட்டா எங்கே போய்ப் படுகிறது என்று எவரும் கேட்கவில்லையே? சட்டம் கேட்காததால் நாங்களும் கேட்பதில்லை. "சட்டப்படி கையால் இழுக்கிற துப்பாக்கிதானே" என்று மனசாட்சி கையெழுத்துப் போட்டுவிடுகிறது.

நான் எப்படி இதற்குள் வந்தேன் என்பதே சட்டம் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதற்கு நல்ல உதாரணம். எச்-1பி விசாவில் இருப்பவன் அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது பொது விதி. ஆனால் ஒரு மாநிலத்தின் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. அந்த உரிமத்துக்கு ஒரு வகுப்பு முடிக்க வேண்டும். நான் இணையத்திலேயே முடித்தேன். தலை, மார்பு, முதுகில் சேர்த்து 250 சதுர அங்குலம் ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும் என்று படித்தேன். கேள்விகளுக்கு ஒழுங்காக டிக் அடித்தேன். ஒரு தோட்டாகூடச் சுட்டுக்காட்டச் சொல்லவில்லை.

மூன்றாவது சீசன். வட பென்சில்வேனியாவில் ஒரு மலைச்சரிவு, இடுப்பளவுக்கு லாரல் புதர். எங்கள் டீமில் சீனியர் ஒருவர், தன் அப்பாவின் 760-ஐ எனக்குக் கொடுத்திருந்தார். தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் தோட்டா. நான்கு பேர் கீழேயிருந்து புதரைக் கலைத்துக்கொண்டு ஏறி வருவார்கள், மூன்று பேர் மேலே நிற்போம். மதியம் மூன்று மணி வாக்கில் ஒரு பெண் மான் புதரைப் பிளந்துகொண்டு குறுக்கே போனது. அறுபது மீட்டர் இருக்கும். நிற்கவில்லை. சுடக் கூடாத மான் அது. சுட்டேன்.

சுட்ட கணத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன்: 'பரவாயில்லை, இன்னும் மூன்று இருக்கிறது.' கை தானாக இழுத்தது, தள்ளியது, சுட்டது. மறுபடியும். நான்கைந்து விநாடிக்குள் மூன்று காலிக் கூடுகள் பனியில் கிடந்தன.

மான் போய்விட்டது. ரத்தம் கொஞ்சம்தான், அதில் பச்சையாக ஏதோ கலந்து நாற்றமடித்தது. சீனியர் வந்து பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "வயித்துல பட்டிருக்கு. உக்காரு. இப்போ பின்னாடி போனா இன்னும் ஓடும்." நுரையீரலில் பட்ட மான் நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். வயிற்றில் பட்டது மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும், துரத்தினால் எழுந்து ஓடி எங்காவது தனியாகச் சாகும். ஆறு மணி நேரம் காத்திருந்துவிட்டு டார்ச்சோடு தேடினோம். கிடைக்கவில்லை. மறுநாள் காலை ஓடைப் பள்ளத்தில் கிடைத்தது. கயோட்டிகள் முந்திக்கொண்டிருந்தன.

மிச்சமிருந்த உடலில் தோட்டா நுழைந்த துளை ஒன்றுதான். முதல் தோட்டாவின் துளை. இரண்டாவதும் மூன்றாவதும் எங்கே போயின? தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் தோட்டா எதிலும் படாவிட்டால் கிலோமீட்டர் கணக்கில் போகும். சரிவில் நான்கு பேர் ஆரஞ்சு உடையில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. முகாமில் ஒருவர் தோளில் தட்டி, "பம்ப் நல்லா வேகமா ஓட்டற" என்றார். பாராட்டு!

இந்தப் பாராட்டைத்தான் நான் எதிர்க்கிறேன்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். முதலாவது: முதல் தோட்டா சரியாகப் படாவிட்டால், அவதிப்படும் மானை உடனே முடித்துவைக்க இரண்டாவதுதானே உதவும்? ஆமாம். அடிபட்டு நிற்கிற மானுக்கு இரண்டாவது தோட்டா கடமை, அதற்கு பம்ப்பைவிட நல்ல கருவி குறைவு. ஆனால் அடிபட்ட பிறகு வரும் இரண்டாவது தோட்டா வேறு, விசையை அழுத்துவதற்கு முன்பே மனதில் ஏறிவிடும் இரண்டாவது தோட்டா வேறு. பின்னது முதல் தோட்டாவின் தரத்தைக் குறைக்கிறது. எங்கள் மென்பொருள் வேலையில் ஒரு கோரிக்கை தோற்றால் மறுபடி அனுப்புவோம், தோற்றது தடம் இல்லாமல் போய்விடும். அதே புத்தியோடு காட்டுக்குப் போனேன். மானுக்குள் போன முதல் தோட்டாவை எதுவும் அழிக்காது.

இரண்டாவது வாதம்: போல்ட்காரன் மட்டும் யோக்கியமா? இல்லை. அவர்களுக்கு வேறு வியாதி. நல்ல லென்ஸ் கிடைத்ததும் ஐந்நூறு, அறுநூறு மீட்டரில் சுட்டுப் பார்க்கிற ஆசை. தோட்டா போய்ச் சேர்வதற்குள் மான் ஒரு அடி எடுத்து வைத்தால் போதும், அதே வயிறு, அதே நாற்றம். ஒவ்வொரு கருவியும் தனக்கென ஒரு சபலத்தோடு வருகிறது. பம்ப்பின் சபலத்தைப் பெருமையாகப் பேசுவதால்தான் இந்தக் கட்டுரை பம்ப்பைப் பற்றி.

மூன்றாவது, லாரி பெனாய் பெயரை இழுப்பார்கள். வெர்மான்ட்காரர், 2013-இல் இறந்தார். மான் வேட்டையில் அமெரிக்கா முழுக்கப் பேர் வாங்கியவர், கையில் வைத்திருந்தது 760. அவர் பெயராலேயே எத்தனையோ பேர் அந்தத் துப்பாக்கியை வாங்கினார்கள். ஆனால் அவர் கற்றுக்கொடுத்தது என்ன? பனியில் ஒரே ஒரு மானின் தடத்தைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நடப்பது. தடத்தைப் பார்த்து எடையைச் சொல்வது, நடையைப் பார்த்து எங்கே படுக்கப்போகிறது என்று ஊகிப்பது. காலையிலிருந்து சாயங்காலம் வரை நடந்தவன் கையில் அந்த வேகத்துக்கு ஓர் அர்த்தம் இருந்தது. நாம் நடையை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் கடையில் வாங்கிக்கொண்டோம்.

அப்படியென்றால் செமி ஆட்டோமேட்டிக்கையும் அனுமதித்துவிடலாமே, என்ன பெரிய வித்தியாசம் என்று ஒரு கூட்டம் கிளம்பும். பம்ப்பையும் தடை செய் என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேரும் மறுபடியும் துப்பாக்கியின் வயிற்றுக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டிருக்கிறார்கள். வெளியே வாருங்கள்.

ஃபின்லாந்தில் இதே வெள்ளைவால் மான் இருக்கிறது. 1934-இல் மினசோட்டாவிலிருந்து கொண்டுபோன சில மான்களின் வம்சம். அங்கே அதை ரைஃபிளால் வேட்டையாட வேண்டுமென்றால் முதலில் சுட்டுக்காட்ட வேண்டும். 75 மீட்டர் தூரம், நான்கு தோட்டா, நான்கும் 23 சென்டிமீட்டர் வட்டத்துக்குள். நெஞ்சுக்கூட்டின் அளவை நினைத்து வரைந்த வட்டம். மூன்று விழுந்தால் தோல்வி, வேகத்துக்குப் பரிசு கிடையாது. அதிலும் தேறியவர்கள் தவற விடுவார்கள்தான். ஆனால் அந்தத் தேர்வு கேட்பது சரியான கேள்வி. என் அம்மா கேட்ட அதே கேள்வி.

பென்சில்வேனியா இதைச் சட்டமாக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆக்குமா? துப்பாக்கி விஷயத்தில் இந்த நாட்டில் ஒரு காற்புள்ளி நகர்வதற்கே எத்தனை வருடம் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. முகாமுக்கு முகாம், வீட்டுக்கு வீடு இதை வைத்துக்கொள்ளலாம். பம்ப்பைக் கையில் எடுக்கும் பையனிடம் 'இரண்டாவது சீக்கிரம் போகும்' என்று சொல்வதை முதலில் நிறுத்தலாம்.

நான் இன்னும் அதே 760-ஐத்தான் தூக்குகிறேன். அக்டோபர் கடைசியில் 75 மீட்டரில் ஒரு தாளை ஒட்டி, வட்டம் வரைந்து, நான்கு தோட்டா சுடுகிறேன். நான்கும் உள்ளே விழாவிட்டால் அந்த வருடம் மேட்டில் நிற்பதில்லை என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. போன வருடம் மூன்றுதான் விழுந்தன. முகாமில் இருந்து ஏழு பேருக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். கிண்டல் செய்தார்கள். சீனியர் மட்டும் கிண்டல் செய்யவில்லை. இரண்டாவது கிண்ணம் கேட்டார்.