அயலவர் எந்த ஊர்?

பலெர்மோத் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குள் 'சேவை' என்ற சொல் மிகவும் மலிந்துபோய்விட்டது. திருநாளுக்குச் சோடனை செய்வது சேவை. பாடற்குழுவுக்குக் கீபோட் வாங்குவது சேவை. நூறு பேருக்குப் புரியாணி கிண்டுவது சேவை. இவற்றையெல்லாம் செய்தவர்கள்தான் நாங்கள். கிழமை முழுவதும் சிஞ்ஞோராக்களின் வீடுகளில் தரை துடைத்துவிட்டு, ஞாயிறு பின்னேரம் இரவலாகக் கிடைத்த கோவிலொன்றில் கதிரை அடுக்கி, பாட்டுக் கொப்பி கொடுத்து, பூசை முடியக் கூட்டித் துப்புரவாக்கிவிட்டுப் போகிறவர்கள். ஆகவே வெளியே நின்று கல்லெறிகிற கூட்டம் என்று எம்மை எவரும் தட்டிக்கழிக்க முடியாது. உள்ளேயிருந்துதான் கேட்கிறோம்: இது யாருக்கான சேவை?

கேட்கவேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு கூட்டம். திருநாளுக்குச் சேர்ந்த காசில் ஒரு பங்கை ஒதுக்கி, புகையிரத நிலையத்தைச் சுற்றிப் படுத்துக் கிடக்கிற ஆபிரிக்கப் பெடியங்களுக்கு மாதத்தில் ஒரு நாளாவது சமைத்துக் கொடுப்போம் என்று எம்மில் சிலர் சொன்னோம். இவ்வளவுதான். உடனே ஒருவர் எழும்பினார். "எங்கட சனத்துக்கே காணாது, பிறகேன் கறுவலுக்கு?" இன்னொருவர், "ஒருநாள் குடுத்தால் நாளைக்குக் கோவில் வாசல்லதான் நிப்பாங்கள்" என்றார். வயதில் மூத்த ஒருவர் மட்டும் சாந்தமாகச் சொன்னார்: "தம்பி, நீங்கள் சொல்லுறது நல்ல விசயம். ஆனால் இப்ப இல்லை." கடைசியில் அந்தக் காசு மின்விளக்குச் சோடனைக்கும் பான்ட் வாத்தியத்துக்கும் போனது. அதற்கும் 'கடவுளுக்குச் செய்த சேவை' என்று நன்றியுரையில் பெயர் வைத்தார்கள்!

அவர்கள் யார் என்று கேட்கிற நாங்கள் யார்? எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் இந்த நகரில் வந்திறங்கிய எம்மவரில் எத்தனை பேர் ஒழுங்கான விசாவுடன் வந்தோம்? அல்பெர்கேரியாவின் இடிந்த கட்டிடங்களில் ஒரு அறைக்குள் எட்டுப்பேர் படுத்தோம். பலாரோச் சந்தை கலைகிற நேரம் பார்த்துப் போய் மிஞ்சிய மரக்கறியை மலிவாக வாங்கினோம். அதுவும் இல்லாத நாட்களில் கோவில் மண்டபங்களில் வரிசையில் நின்று பாஸ்தா வாங்கினோம். எம்மோடு சைவர்களும் நின்றார்கள். அங்கே எவரும் ஞானஸ்நானப் பத்திரம் கேட்கவில்லை. 1990இல் வந்த 39ஆம் இலக்கச் சட்டம், மார்த்தெல்லிச் சட்டம் என்று நாம் சொல்லுவது, பலருக்குச் சொஜோர்ணோவைத் தந்தது. அந்தக் கடதாசி கைக்கு வந்த நாளிலேயே பழைய வரிசையை மறந்துவிடுவது எப்படி எமக்கு இயலுமாயிற்று?

1996 நத்தாரை நினைத்துப் பாருங்கள். 25ஆம் திகதி முடிந்து 26 விடியும் முன்னர், இந்தத் தீவின் தென்கிழக்கு முனையான போர்த்தோபாலோவுக்கு அப்பாலான கடலில், இந்தியர்களும் பாகிஸ்தானியரும் இலங்கைத் தமிழர்களும் நெருக்கி ஏற்றப்பட்ட சிறு படகொன்று, அவர்களைக் கொண்டுவந்த கப்பலுடனேயே மோதி மூழ்கியது. இறந்தவர்கள் குறைந்தது 283 பேர். தப்பியவர்கள் கிரேக்கத்தில் இறக்கப்பட்டு நடந்ததைச் சொன்னபோது அதிகாரிகள் நம்பவில்லை. மீனவர்களின் வலைகளில் உடல்கள் ஏறின. விசாரணை என்று வந்தால் தொழில் கெடும் என்று அவை திரும்பக் கடலில் போடப்பட்டன. 2001இல்தான், வலையில் அகப்பட்ட ஒரு தமிழ் இளைஞனின் அடையாள அட்டையை மறைக்க மனமில்லாத ஒரு மீனவரின் துணையுடன், 'லா ரெபுப்ளிக்கா' பத்திரிகையாளர் ஜொவான்னி மரியா பெல்லு கடலடியில் கிடந்த படகை உலகுக்குக் காட்டினார்.

அந்த இரவு நாங்கள் பாலன் பிறப்புப் பாட்டுப் பாடி, விருந்துண்டு, களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தோம். அது எம் குற்றமல்ல. ஆனால் உண்மை தெரிந்த பிறகும் எத்தனை நத்தார்கள் வந்து போயின? வருடாவருடம் குடில் கட்டுகிறோம். சத்திரத்தில் இடமில்லை என்று கதவடைத்தவனை வருடாவருடம் பிரசங்கத்தில் திட்டுகிறோம். அந்த 283 பேருக்காக எமது கோவிலில் ஒரு மெழுகுதிரி ஏற்றப்பட்டதை நாங்கள் காணவில்லை.

சிறிய சமூகம், எம்மால் என்ன இயலும் என்கிறார்கள். இதே பலெர்மோவில் எம்மைவிடச் சிறிய சபையொன்று என்ன செய்தது என்று பார்ப்போம். வால்தேசி என்று அழைக்கப்படுகிற புரட்டஸ்தாந்தினர் நூற்றாண்டுகளாக வேட்டையாடப்பட்டவர்கள். 1848இல்தான் அவர்களுக்குக் குடியுரிமைகள் கிடைத்தன. அவர்களது போதகர் பியெத்ரோ வால்டோ பனாஷியா 1959இல் லா நோச்சே என்ற ஏழைக் குடியிருப்பில் பிள்ளைகளுக்கான நிலையமொன்றைத் தொடங்கினார். சுற்றிவர இருந்தவர்கள் கத்தோலிக்கர். பின்னாளில் புகலிடம் தேடி வந்தவர்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது. 1963 யூன் 30இல் சாக்குல்லியில் மாபியாவின் கார்க்குண்டு படையினரும் பொலிசாருமாக ஏழு பேரைக் கொன்றபோது, மனித உயிரை மதியுங்கள் என்று நகரச் சுவர்களில் சுவரொட்டி ஒட்டியது இந்தச் சின்னஞ்சிறு சபைதான். நாமும் ஏதாவது சொல்லலாகாதா என்று வத்திக்கானிலிருந்து கர்தினால் ருஃபினிக்குக் கடிதம் வந்தது. அவர் அதை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு வெளியிட்ட மேய்ப்பு மடலில், சிசிலியின் பெயரைக் கெடுக்கும் காரணங்களில் மாபியா பற்றிய ஆரவாரத்தையும், ஏழைகளுக்காக உண்ணாவிரதமிருந்த டானிலோ டொல்சியையும் சேர்த்து எண்ணினார். பெரிய கோவிலும் பெரிய மணியும் இருந்தவர்கள் வாய் திறக்கவில்லை என்பதே வரலாறு. வாய் திறக்க ஆட்தொகை தேவைப்படவில்லை.

கத்தோலிக்கரிலும் வேறு மனிதர் வந்தார். பிரன்காச்சோவின் பங்குக்குரு பீனோ புலீசி 1993 தொடக்கத்தில் அங்குள்ள பிள்ளைகளுக்காக ஒரு நிலையம் திறந்தார். தெருப் பிள்ளைகளை மாபியாவின் கையிலிருந்து பிரித்தெடுத்ததற்காக அதே ஆண்டு செப்டெம்பர் 15இல், தனது 56ஆவது பிறந்தநாளில், வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2013இல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுக்கப்பட்டது. அவர் படத்துக்கு மாலை போடுவோர் எம்மிலும் உண்டு. அவர் செய்த வேலையில் நூறில் ஒன்றைக் கேட்டால், 'இப்ப இல்லை'!

'கறுவல்' என்று சொன்னவருக்கு ஒரு செய்தி. சாந்தா ரொசாலியாவுடன் இந்த நகருக்கு இன்னொரு காவலரும் உண்டு. ஆபிரிக்க அடிமைகளின் மகன், எழுத வாசிக்கத் தெரியாதவர், சாந்தா மரியா டி ஜேசு மடத்தின் சமையற்காரர், அதே மடத்தின் தலைவராகவும் தெரிவானவர். 1589இல் இறந்த பெனெதெத்தோவைப் பலெர்மோ மக்கள் 'கறுப்பர்' என்ற பெயருடனேயே வணங்குகிறார்கள். அவர் இன்று புகையிரத நிலையத்தில் நின்றால் எமது திருநாள் விருந்தில் அவருக்கு ஒரு தட்டு கிடைக்குமா?

இங்கேதான் உண்மையான நோய் தெரிகிறது. வெளியாருக்குக் கதவடைப்பது புதிய பழக்கமல்ல, ஊரிலிருந்து கொண்டுவந்தது. புதிதாகக் கோவிலுக்கு வருகிற தமிழரிடம் எம்மவர் முதலில் கேட்பது பெயரையல்ல, "எந்த ஊர்?" அடுத்தது, "ஊரில எந்தப் பக்கம்?" அதன் பிறகு "ஆற்ற பிள்ளை?" இந்த மூன்று கேள்வியில் சாதி அளந்து முடிந்துவிடும். ஒரே நற்கருணையை வாங்கிய வாய்கள், பிள்ளைகளின் கலியாணப் பேச்சு வந்ததும் ஒன்றையொன்று அந்நியமாகப் பார்க்கும். பலாரோவில் பக்கத்துக் கடை வங்காளியைப் பற்றி எம்மவர் பேசும் பேச்சை இங்கே எழுத முடியாது. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் சில மணிநேர அவகாசத்தில் துரத்தப்பட்டதைப் பற்றிப் பேசாமலிருந்த பழக்கம் இன்றும் எம் நாவில் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. நாம் வெறுங்காலுடன் மொந்தே பெல்லெக்ரீனோவில் ஏறுவதைப் படம் பிடித்து, தமிழர் எவ்வளவு அமைதியானவர்கள் என்று இத்தாலியர் மெச்சுகிறார்கள். அந்த மெச்சலுக்குள், 'மற்றவர்களைப் போலல்ல' என்ற சொல் ஒளிந்திருக்கிறது. எமக்கும் அது இனிக்கிறது. நல்ல அகதி என்ற நற்சான்றிதழைக் காப்பாற்றவே கெட்ட அகதிகளிடமிருந்து தள்ளி நிற்கிறோம். நாளைக்குச் சட்டம் மாறினால் அது எம்மைப் பிரித்துப் பார்க்காது.

ஊருக்கு அனுப்புகிற காசை நாங்கள் குறை சொல்லவில்லை. 2004 கடற்கோளின்போதும் 2009 வன்னியின் பின்னரும் இந்த நகரின் வீட்டு வேலைக்காரப் பெண்கள் கொடுத்தது அவர்களின் முதுகெலும்பிலிருந்து வந்தது. அது நிற்கக்கூடாது. ஊரையும் பார்க்கலாம், வாசலையும் பார்க்கலாம். ஊரின் பெயரைச் சொல்லி வாசலை மூடுவதைத்தான் எதிர்க்கிறோம். அதேபோல, சாப்பாட்டுப் பொதிக்குள் துண்டுப் பிரசுரம் வைத்து ஆள் பிடிப்பதும் எமது வழியல்ல. பசித்தவனிடம் விலை கேட்பது வியாபாரம்.

சமாரியன் கதையை எமது சுவாமிமார் நன்றாகவே சொல்லுகிறார்கள். வழியில் கிடந்தவன் எந்த ஊரான் என்று யேசு சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

எமது கோரிக்கைகள் பெரியவை அல்ல. திருநாள் வரவுசெலவைக் கோவில் கதவில் ஒட்டுங்கள். அதில் ஒரு பங்கு எம் மொழி பேசாதவர்களுக்குப் போகட்டும். டிசெம்பர் 26இல் போர்த்தோபாலோவில் இறந்தவர்களை, இந்தியர், பாகிஸ்தானியர், தமிழர் என்று பிரிக்காமல் நினைவுகூருவோம். புதிதாக வருகிறவரிடம் ஊரைக் கேட்பதை நிறுத்துவோம். குழு ஒப்பாவிட்டாலும், வருகிற மாதம் முதல் ஞாயிறு பூசை முடிய நாங்கள் சிலர் சட்டியும் சோறுமாகப் புகையிரத நிலையத்துக்குப் போகிறோம். மரக்கறி வெட்ட ஆட்கள் தேவை.