செவிவழி ஆற்றுப்படை

கேளிக்கைப் பூங்கா கண்ணுக்கும் உடலுக்கும் உரிய இடம். அங்குள்ள இராட்டினத்தின் வேகத்தையும் நீர்ச்சறுக்கின் குளிர்ச்சியையும் நேரிற் சென்றாரன்றிப் பிறர் அறிதல் அரிது. அத்தகைய இடத்தைச் செவி ஒன்றனையே வாயிலாகக் கொண்டு பிறர்க்கு அறிவிக்கப் புகுவது பாட்காஸ்ட் எனப்படும் வலையொலி. பேருந்திலும் மின்சார ரயிலிலும் இதனைக் கேட்டு வருவோர் நம்முட் பலர். முடியும்வரை நம்மை அசையவொட்டாமற் செய்யும் வலையொலிகளும் உள. ஐந்து நிமிடத்தில் அணைத்துவிடச் செய்வனவும் உள. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாதென்பதைச் சிறிது ஆராய்வாம்.

எம் கருத்தின்படி இவ்வலையொலி ஆற்றுப்படையின் இனத்தைச் சார்ந்தது. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்குத் தான் சென்ற வழியையும் கண்ட வளத்தையும் எடுத்துரைப்பது ஆற்றுப்படை. சென்றுவந்தவன் செல்லாதவனுக்குக் கூறுவதே அதன் உயிர். செல்லாதவனை மறந்த அளவில் அவ்வுயிர் நீங்கிவிடும்.

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி வழியே பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் பழஞ்சூரில் குயின்ஸ்லாந்து பூங்காவை அடையலாம். அங்கே சென்றுவந்த ஒருவர், "இராட்டினம் அருமை" என்று மட்டும் கூறின், கேட்டவர் பெற்றது யாது? ஒன்றுமில்லை. ரோலர் கோஸ்டர் வண்டிக்குப் பெரும்பாலும் தனக்கென எஞ்சின் இல்லை. சங்கிலி அதனை உச்சிக்கு இழுத்துச் சென்று விட்டபின் புவியீர்ப்பே அதனை ஓட்டுகின்றது. உராய்வினால் ஆற்றல் குறைந்துகொண்டே செல்லுதலின், முதல் மேடே ஏனைய மேடுகளினும் உயர்ந்து நிற்கின்றது. இதனை விளக்கக் கேட்டவர்க்கு, ஏறும்போது எழும் கடகடவென்னும் ஓசை உச்சியில் அடங்கும் கணமே நெஞ்சைத் துடிக்கச் செய்யும். 2025 டிசம்பரில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் திறக்கப்பெற்ற வொண்டர்லா பூங்காவின் 'தஞ்சோரா', தண்டவாளத்தின்கீழ் இருக்கைகள் தொங்கும் வகையினது. காலடியில் தளமில்லை என்று சொன்ன அளவிலேயே கேட்போர் அதில் ஏறியவராவர்.

வரலாறும் இன்பம் பயப்பதே. தாம்பரத்தை அடுத்துக் கிஷ்கிந்தா பூங்காவை 1995இல் நிறுவிய நவோதயா அப்பச்சன், 1984இல் வெளிவந்த இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படமாகிய 'மை டியர் குட்டிச்சாத்தா'னைத் தயாரித்தவர். திரையில் வியப்பை விளைத்தவரே தரையிலும் அதனை விளைக்க முற்பட்டார் என்றறியும்போது அப்பூங்கா வெறும் இயந்திரத் தொகுதியாய்த் தோன்றாது.

இனிக் குற்றங்களைக் காண்போம். நூலுக்கு நன்னூலார் ஓதிய பத்துக் குற்றங்களுட் சில இங்கும் பொருந்தும். பூங்காவைப் பற்றிக் கேட்க வந்தவரை இருத்திவைத்துத் தாம் உண்ட சிற்றுண்டியைப் பற்றி இருபது நிமிடம் பேசுதல் மற்றொன்று விரித்தல். நுழைவுக் கட்டணத்தை நான்கு முறை ஓதுதல் கூறியது கூறல். தமக்குள் மட்டுமே விளங்கும் வேடிக்கையைச் சொல்லித் தாமே சிரித்து மகிழ்தலோ நன்னூலார் காணாத பதினோராங் குற்றம்!

நீளம் குற்றமன்று. 2017இல் அமெரிக்க நாட்டு நகைச்சுவையாளர் மூவர் தொடங்கிய 'பாட்காஸ்ட்: தி ரைடு' என்னும் வலையொலி, ஒரு பூங்காவை ஒட்டிய கடைவீதியைப் பற்றி மட்டுமே பல பகுதிகள் பேசியுள்ளது. பொருள் இருப்பின் நீளமும் இனிக்கும். இல்லையேல் ஐந்து நிமிடமும் சுமையே.

எல்லாக் குற்றத்தினும் பெரிது உண்மையை மறைத்தல். மலைபடுகடாம் நன்னனது வளத்தை மட்டும் பாடி அமையவில்லை. வழியிலுள்ள பன்றிப்பொறிகளையும், பாம்பு உறையும் குழிகளையும், யானையை ஓட்டுவோர் எறியும் கவண்கற்களையும் கூறி எச்சரிக்கின்றது. நம் வலையொலியாளரோ பலர் இவ்வகையில் வாய் திறப்பதில்லை. செம்பரம்பாக்கத்தை அடுத்த ஈ.வி.பி. பூங்காவில் 2012இல் இராட்டின விபத்தில் இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். 2016 மே மாதத்தில் கிஷ்கிந்தாவில் சோதனை ஓட்டத்தின்போது இராட்டினம் ஒன்று சரிந்து ஊழியர் ஒருவர் மாண்டார். இவற்றைக் கூறுதல் அச்சுறுத்துதல் அன்று. இருக்கைப் பட்டையைச் சரிபார்க்கவும், ஐயமுண்டாயின் ஏறாதொழியவும் கேட்போர்க்குத் துணிவளிப்பதே ஆம். பூங்காவினர் தந்த இலவசச் சீட்டில் சென்றவர் அதனை முதலில் உரைத்துவிட்டுப் புகழ்வாராயின், அப்புகழுரைக்கு எவ்வளவு மதிப்பிடலாமென்று கேட்போரே தீர்மானித்துக்கொள்வர்.

நேர்மை வேண்டுமென்பதற்குப் பிறிதொரு காரணமும் உண்டு. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒரு நாள் சென்றுவரும் செலவு, பல இல்லங்களில் ஒரு மாதத்து மளிகைச் செலவை ஒக்கும். அவ்வில்லத்துச் சிறுவர் பலர்க்கு வலையொலியே பூங்காவின் வாயில். பணம் சேர்த்து ஒருமுறை மட்டும் செல்லக்கூடியவர் அதனை நம்பியே இடத்தைத் தேர்கின்றனர். அவரை ஏமாற்றுதல் தகுமோ?

பூங்காக்கள் நிலையானவையும் அல்ல. ஈ.வி.பி. பூங்கா இருந்த இடம் இன்று படப்பிடிப்புத் தளமாய் விளங்குகின்றது. அங்கே சுழன்று களித்தவர் திருவேற்காட்டிலும் பூந்தமல்லியிலும் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்தம் நினைவைக் கேட்டுப் பதிவு செய்வார் யார்? ஒலிவாங்கியாக ஒரு கைப்பேசி போதும். தெளிந்த தமிழும் செல்லாதவர்பால் இரக்கமும் உடன் வேண்டும். நம் கல்லூரி மாணவர் இப்பணியை மேற்கொள்வாராக.