ஆரஞ்சு அலர்ட்... ஆனா வெயில் அடிக்குதே, ஏன்?

நவம்பரில் சென்னைக்கு ஆரஞ்சு அலர்ட் வரும். வெளியே பார்த்தால் சுள்ளென்று வெயில். ‘மறுபடி சொதப்பிட்டாங்க’ என்று மீம்ஸ் பறக்கும். நிஜத்தில் நடப்பது என்ன?

அலர்ட் மாவட்டத்துக்கானது, உங்கள் தெருவுக்கானது அல்ல. மஞ்சள் என்றால் கவனியுங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள். மழை அளவோடு, அது பெய்யும் வாய்ப்பையும் பாதிப்பையும் சேர்த்தே நிறம் முடிவாகிறது. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தொட்டால் கனமழை, 204.4 மி.மீ. தாண்டினால் அதிகனமழை.

வங்கக் கடல் தாழ்வுப் பகுதி கொஞ்சம் நகர்ந்தாலும் மழை பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விடும். உல்டாவும் நடக்கும்: 2021 டிசம்பர் 30 அன்று சென்னையில் கொட்டித் தீர்த்தபிறகுதான் ரெட் அலர்ட் வந்தது.

அதனால் காலையில் பார்த்த அலர்ட்டோடு நிற்க வேண்டாம். ஆபீஸிலிருந்து கிளம்பும் முன், அடுத்த 3 மணி நேரத்துக்கான ‘நவ்காஸ்ட்’டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.